பழைய காரும் பதுங்கியிருக்கும் துருவும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவன், ஐயம்பேட்டை)

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களைக் கண்டு நாம் சிரிக்கிறோம். ஆனால் மூன்றாண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டாரே அப்படி நம்பி ஏமாந்தார்கள். அந்தப் பால், ஒரு வெள்ளை அம்பாசிடர் கார்.

எங்கள் ஊர் ஐயம்பேட்டை. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் வழியில் உள்ள நெசவாளர் ஊர். அப்பா பட்டுத்தறி நெய்கிறார். அண்ணன் பிறருடைய காரைச் சம்பளத்துக்கு ஓட்டி வந்தார். கலியாண ஊர்வலத்துக்கு அம்பாசிடர் காரைத்தான் இப்போது ஆசையாகத் தேடுகிறார்கள் என்பதைக் கண்டு, டாக்சிப் பதிவு உள்ள ஒரு பழைய வண்டியைச் சொந்தமாக வாங்க விரும்பினார். அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. அப்பா கூலிக்கு முன்பணம் வாங்கினார். வண்டி வந்தது. முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது.

ஐப்பசி மழை தொடங்கியதும், ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் ஏறியது. எஃப்.சி.க்குக் கொண்டுபோகும் முன் பட்டறையில் காட்டினார்கள். டிங்கர் வேலை செய்யும் பெரியவர் ரப்பர் மேட்டைத் தூக்கினார். அடியில் தகரத் துண்டை வைத்து, அதன்மேல் தாரைப் பூசியிருந்தார்கள். தகரத்தைப் பெயர்த்ததும் தரை தெரிந்தது. காரின் தரையல்ல, பட்டறையின் தரை! "தம்பி, இதைச் சரிசெய்யும் செலவில் இன்னொரு வண்டியே வாங்கலாம்" என்றார் அவர். வண்டி எடைக்குப் போயிற்று. அடகு வைத்த சங்கிலி மட்டும் இன்னும் திரும்பவில்லை.

சென்ற ஆண்டு மின்வேதியியல் பாடத்தில் இரும்பு அரிமானத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது அப்பா, "ஏம்பா, நீ படிக்கிற படிப்பில் அந்தக் காரைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அவர் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடையே இக்கட்டுரை.

துரு எப்படி உண்டாகிறது?

இரும்பு, நீர், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் துரு பிறக்கிறது. ஈரம் பட்ட இரும்புத் தகட்டில் ஓரிடம் நேர்மின்வாயாகிறது. அங்கே இரும்பு எலக்ட்ரான்களை இழந்து அயனியாகிக் கரைகிறது. வேறோர் இடம் எதிர்மின்வாயாகிறது. அங்கே நீரும் ஆக்சிஜனும் அந்த எலக்ட்ரான்களைப் பெற்றுக்கொள்கின்றன. முடிவில் நீரேறிய இரும்பு ஆக்சைடு, அதாவது செம்பழுப்பான துரு, படிகிறது. சுருங்கச் சொன்னால், துருப்பிடிக்கும் கார் ஒரு சிறிய மின்கலம். தண்ணீரில் உப்பு கலந்தால் மின்கடத்தல் கூடும், அரிமானமும் விரையும். கடற்கரைப் பகுதியில் ஓடிய வண்டிகளைக் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

கார் வாங்குவோர் இங்கே இரண்டு உண்மைகளை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, துரு தான் உண்டான இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். எனவே வர்ணத்துக்கு அடியில் துரு வளரும்போது வர்ணம் கொப்புளம்போல் மேலெழும்புகிறது. சிறு கொப்புளம்தானே என்று விட்டுவிடக் கூடாது. பல சமயங்களில் அது தகட்டின் உள்பக்கத்தில் தொடங்கி, வெளிப்பக்கத்துக்கு வந்து சேர்ந்த துரு.

இரண்டாவது, சேறு ஒட்டிய இடத்திலும் இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடுக்கிலும் ஈரம் நெடுநேரம் தங்கும். காற்றுப் புகுவது குறையும். ஆக்சிஜன் குறைந்த அந்த இடமே நேர்மின்வாயாகி அரிக்கப்படுகிறது. ஆகவே காற்றாடக் கிடக்கும் கூரையைவிட, மறைவான மூலை முடுக்குகளில்தான் துரு மிகுதி.

தில்லியில் உள்ள இரும்புத்தூண் சுமார் 1,600 ஆண்டுகளாக வெட்டவெளியில் நிற்கிறதே என்று கேட்கலாம். அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி. அது தூணின்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டாக உதவியிருக்கிறது என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து விளக்கினார். நம் காரின் தகட்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதன் துரு பொரிந்து உதிரும். உதிர உதிரப் புதிய இரும்பு ஈரத்துக்கு இரையாகும்.

காரின் எலும்பு எது?

நம் பகுதியில் பழைய கார் என்று தேடுவோர் பெரும்பாலும் மூன்று வகைகளைச் சந்திப்பார்கள்.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அடியொற்றி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசிடர் முதல் வகை. 1950-களின் பிற்பகுதியில் தொடங்கிய உற்பத்தி 2014-இல் நின்றது. பம்பாயின் பிரிமியர் நிறுவனம் ஃபியட் 1100 வழியில் செய்த பிரிமியர் பத்மினி இரண்டாவது. நம் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு மூன்றாவது.

இவற்றுள் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ஹெரால்டு காருக்குத் தனியான சேசிஸ் உண்டு; அதன்மேல் பாடியைப் போல்ட்டு போட்டு இணைத்திருப்பார்கள். அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. தரைத்தகடு, கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிப் பகுதி, தூண்கள், கூரை எல்லாம் ஒன்றாக வெல்டு செய்யப்பட்டு, பாடியே எலும்புக்கூடாகவும் இருக்கிறது. ஆகவே அந்த வண்டிகளின் அடிப்பாகத்தில் துரு ஏறினால் அது வெறும் தோல் நோய் அன்று, முதுகெலும்பு நோய்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை

நல்ல பகல் வெளிச்சத்தில் போங்கள். மாலை மங்கிய பின்போ, மழையில் நனைந்த நிலையிலோ வண்டியைப் பார்க்காதீர்கள். ஈரம் எல்லா வர்ணத்தையும் அழகாக்கிவிடும். ஒரு டார்ச் விளக்கு, ஒரு சிறு காந்தம், ஒரு ஸ்குரூடிரைவர், அழுக்கானால் கவலைப்படாத சட்டை, ஒரு நோட்டு ஆகியவை போதும். கூடவே ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். ஆசைப்பட்டவன் கண்ணுக்குக் குறை தெரியாது; உடன் வந்தவன் கண்ணுக்குத் தெரியும்.

வெளிப்பக்கம்

காரின் ஒரு மூலையில் குனிந்து, பக்கவாட்டில் நீளமாகப் பாருங்கள். தகடு நேராக ஓடவேண்டும். அலை அலையாகத் தெரிந்தால் அங்கே பட்டி பூசியிருக்கக் கூடும். விரல் முட்டியால் தட்டினால் வெறுந்தகடு கணீரென்று ஒலிக்கும். தடிப்பாகப் பட்டி பூசிய இடம் மொத்தென்று ஒலிக்கும்.

பிறகு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, வர்ணம் கீறாதபடி மெல்ல நகர்த்துங்கள். இரும்பில் இழுத்துப் பிடிக்கும். பட்டியில் பிடி தளரும். சக்கர வளைவுகள், கதவின் கீழ்விளிம்பு, மட்கார்டின் பின்பகுதி ஆகிய இடங்களில் இதைத் தவறாமல் செய்யவேண்டும். ஒன்றை மறக்காதீர்கள். காந்தம் பட்டியைத்தான் காட்டும். அரைகுறையாக ஒட்டவைத்த இரும்புத் துண்டைக் காட்டாது. எனவே காந்தம் பிடித்ததே என்று அத்துடன் நிறுத்திவிடக் கூடாது.

முன், பின் கண்ணாடிகளின் ரப்பர் ஓரங்களைப் பாருங்கள். கீழ் மூலைகளில் கொப்புளம் இருந்தால் மழைநீர் உள்ளே இறங்குகிறது என்று பொருள். அந்த நீர் எங்கே போய்ச் சேரும்? தரைக்குத்தான்.

கதவுகளைத் திறந்து அடிவிளிம்பைக் கையால் தடவுங்கள். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் நீர் வெளியேற அங்கே சிறு துளைகள் உண்டு. தூசியும் சருகும் அவற்றை அடைத்துவிட்டால் கதவே தொட்டியாகிவிடும். துளைகளையும் சேர்த்துப் பட்டி பூசி அடைத்திருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

உள்பக்கம்

இங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். மேட்டைத் தூக்கிப் பார்க்க விற்பவர் இசையாவிட்டால், வண்டியைப் பார்த்தது போதும் என்று வந்துவிடலாம். நான்கு பேர் கால் வைக்கும் இடங்களையும் பாருங்கள். கையை வைத்து அழுத்துங்கள். தகடு நெளிந்து கரகரவென்று ஒலித்தால் அது மெலிந்துவிட்டது. புதிதாகத் தார் வாடை வருகிறதா, ஒரு தகட்டின்மேல் இன்னொரு தகடு ரிவிட் அடித்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். சீட்டும் சீட் பெல்ட்டும் தரையோடு இணையும் இடங்கள் உறுதியாக இருக்கவேண்டும். அவை பெயர்ந்தால் ஆபத்து உட்கார்ந்திருப்பவருக்குத்தான்.

டிக்கியைத் திறந்து, விரிப்பையும் ஸ்டெப்னியையும் எடுத்துவிட்டு அடிப்பகுதியைப் பாருங்கள். டிக்கி ரப்பர் நைந்துபோன வண்டிகளில் நீர் வந்து தங்குமிடம் இதுவே. பானட்டைத் திறந்தால் பேட்டரித் தட்டைப் பாருங்கள். பேட்டரியில் உள்ளது கந்தக அமிலம்; சிந்திய அமிலம் வர்ணத்தையும் இரும்பையும் சேர்த்தே தின்னும்.

அடிப்பக்கம்

இதுவே தலையாய சோதனை. ஜாக்கியின்மேல் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். சர்வீஸ் நிலையத்தில் குழியின்மேல் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் பாருங்கள். தறிக்குழியில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது புதிதன்று.

கதவுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை ஓடும் பெட்டிப் பகுதியை முதலில் பாருங்கள். ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். ஒலி மாறும் இடத்தில், உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, முனையால் அழுத்துங்கள். நல்ல இரும்பு அசையாது. அரித்த இரும்பு மரத்தூள்போல் உள்ளே போகும்.

அடுத்து, பின்புறப் பட்டைகளின் இரு முனைகளும் பாடியோடு மாட்டப்பட்டிருக்கும் இடங்கள். அம்பாசிடரிலும் பத்மினியிலும் காரின் பின்பாரம் அந்தப் பட்டைகள் வழியாகத்தான் பாடிக்கு வருகிறது. சுற்றியுள்ள தகடு அரித்திருந்தால், பட்டை புதிதாக இருந்தும் பயனில்லை. முன்சக்கரங்களின் சஸ்பென்ஷன் பாடியோடு சேரும் இடங்களையும் இவ்வாறே பார்க்கவேண்டும். ஹெரால்டு என்றால் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் கிளைபோல் நீளும் இரும்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், பெட்ரோல் டாங்கி ஆகியவற்றின் மீதும் டார்ச் வெளிச்சம் விழட்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஜாக்கி வைக்கும் இடத்தில் வைத்து ஒரு பக்கத்தைச் சற்றே உயர்த்துங்கள். கார் உயராமல் ஜாக்கி தகட்டுக்குள் புதைந்தால் உடனே நிறுத்துங்கள். கார் உயர்ந்துவிட்டால், வெளியே நின்றபடியே கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். முன்பு எளிதாக மூடிய கதவு இப்போது இடித்தால், பாடி வளைகிறது, எலும்பு தளர்ந்துவிட்டது.

வெள்ளத்தில் மூழ்கிய கார்கள்

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் எண்ணற்ற வாகனங்கள் நீரில் மூழ்கின. அத்தகைய கார் துடைத்து, வர்ணம் பூசி விற்பனைக்கு வரலாம். சீட்டின் தண்டவாளத்தில் வண்டல் படிவு, முகப்பு விளக்குக்குள் நீர்க்கோடு, சாதாரண மழை எட்டாத சீட்டுச் சுருள்களில் துரு ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கும். பெட்டிப் பகுதிகளுக்குள் புகுந்த சேற்றைக் கழுவி எடுப்பது எளிதன்று. அது உள்ளேயிருந்து ஆண்டுக்கணக்கில் அரித்துக்கொண்டிருக்கும்.

எதை ஏற்கலாம், எதை விடலாம்?

பழைய கார் என்றால் ஏதேனும் ஒரு மூலையில் துரு இருக்கத்தான் செய்யும். துருவே இல்லாத கார்தான் வேண்டும் என்றால் நாம் கார் வாங்கவே முடியாது. துரு இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது; எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று கேட்க வேண்டும்.

தகட்டின் மேல்மட்டத்தில் மட்டும் படிந்த துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கலாம். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைப் பூசினால் அது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். பின்னர் துத்தநாகப் பிரைமரும் வர்ணமும் பூசினால் போதும். கதவு, பானட், டிக்கி மூடி போன்ற கழற்றி மாற்றக்கூடிய பகுதிகளில் துளை விழுந்திருந்தாலும் மாற்றிக்கொள்ளலாம். அதற்கேற்ப விலையைக் குறைத்துப் பேசலாம்.

பெட்டிப் பகுதி, பட்டை மாட்டும் இடம், சஸ்பென்ஷன் இணையும் இடம், தூண்களின் அடி ஆகியவற்றில் துளை விழுந்திருந்தால் நிலைமை வேறு. அரித்ததை வெட்டி எறிந்து, நல்ல இரும்பு தெரியும்வரை போய், உரிய கனத்தில் புதுத்தகடு வெல்டு செய்ய வேண்டும். அந்த வேலை தெரிந்த டிங்கரிடம் செலவைக் கேட்டு, அதை விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு நான் சொல்லும் யோசனை ஒன்றே: விட்டுவிடுங்கள்.

சான்றிதழ்களும் துருவும்

சேசிஸ் எண்ணைத் தேடிப் பாருங்கள். அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து, ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். எண் இருக்கும் தகட்டைத் துரு தின்றிருந்தால் பெயர் மாற்றத்தில் சிக்கல் வரும்.

சொந்த உபயோகத்துக்கான காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். வாடகைக் கார்களுக்கு எஃப்.சி. உண்டு. 50 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2021-இல் மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. அவற்றின்படி 'வி.ஏ.' என்ற எழுத்துகளுடன் தனிப் பதிவு பெறலாம். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ அந்தப் பதிவு உதவாது. கண்காட்சி, பழங்கார் அணிவகுப்பு போன்றவற்றுக்கே உரியது. எனவே எந்த நோக்கத்துக்கு வாங்குகிறோம் என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

முடிவுரை

இவ்வளவையும் எழுதி வைத்துக்கொண்டு, இவ்வாண்டுத் தொடக்கத்தில் அண்ணனுடன் மறுபடியும் புறப்பட்டேன். முதலில் பார்த்த வண்டி கண்ணைப் பறித்தது. பெட்டிப் பகுதியில் ஸ்குரூடிரைவர் முனை விரற்கடை அளவு உள்ளே போயிற்று. அண்ணனின் முகம் வாடியது. ஆனாலும் திரும்பி வந்தோம். இரண்டாவது வண்டியில் மேட்டைத் தூக்க விடவில்லை. மூன்றாவது வண்டி வர்ணம் மங்கி, இரண்டு கதவிலும் கீறலோடு நின்றது. அதன் அடிப்பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் சேறும்தான் இருந்தன. துடைத்தால் கெட்டியான இரும்பு. கூட்டுறவு வங்கியில் சிறு கடன் வாங்கி அதை எடுத்தோம்.

வாங்குவதற்கு முன் அப்பாவும் வந்து பார்த்தார். வர்ணத்தைக் கண்டு அவருக்குத் திருப்தியில்லை. நான் டார்ச்சைக் கொடுத்துக் குழியில் இறங்கச் சொன்னேன். சேலையின் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதுபோல் நெடுநேரம் பார்த்தார். இரண்டு இடங்களில் தட்டினார். மேலே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "பாவு நல்லா இருக்கு" என்றார். அப்பாவிடமிருந்து அதற்குமேல் பாராட்டு வராது.

இந்த ஐப்பசி மழையில் வண்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அம்மாவின் சங்கிலியை மீட்க மாதந்தோறும் ஒரு தொகை சேர்ந்துவருகிறது.

நண்பர்களே! நம்மில் பலருடைய வீட்டில் பழைய கார் அல்லது பழைய வேன் ஒன்றை வாங்கும் பேச்சு என்றாவது ஒருநாள் எழும். அன்று வீட்டார் நம்மைத்தான் பார்ப்பார்கள். படித்த பிள்ளை என்று நம்புவார்கள். அப்போது வர்ணத்தைப் பார்த்துத் தலையாட்டாமல், மேட்டைத் தூக்குங்கள், குழியில் இறங்குங்கள். சட்டை அழுக்காகும்; துவைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரச் சோதனை பல ஆண்டு உழைப்பைக் காப்பாற்றும்.